தன் பக்கத்தையும் எழுதியவன்

போர் என்ற சொல் வந்ததும் நமது தமிழ் வகுப்பறைகளிலே முரசு முழங்கத் தொடங்கிவிடுகின்றது. வீட்டு ஆண்களை ஒருவர் பின் ஒருவராகக் களத்திற்குக் கொடுத்த பின்னரும், எஞ்சிய ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து அனுப்பும் தாயைப் புறநானூற்றிலிருந்து எடுத்து விளக்குகின்றோம். நம் குரல் தானாகவே உயர்கின்றது. மாணவர்களும் அந்தத் தாயின் மறத்தை வியந்து விடை எழுதிப் புள்ளி பெறுகின்றனர். அந்தச் சிறுவன் மாலையில் வீடு திரும்பினானா என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

அதே புறநானூற்றிலே, தந்தையையும் குன்றையும் இழந்து நிற்கும் பாரி மகளிரின் பாட்டும் இருக்கின்றது. போரின் மறுநாளைச் சொல்லும் பாட்டு அது. அதனையோ நிலவொளியின் அழகுக்கும் சொற்சுருக்கத்துக்கும் எடுத்துக்காட்டாக்கி முடித்துக் கொள்கின்றோம். இவ்வாறு போரைப் பாடும் இலக்கியத்திலிருந்து போரை மட்டும் கவனமாகக் கழற்றி வைத்துவிட்டுப் பாடம் நடத்தும் கலையில் நாம் தேர்ந்துவிட்டோம். இந்தத் தேர்ச்சிக்குப் பலியான ஒரு நாவலாசிரியரைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். அவர் பெயர் ப. சிங்காரம்.

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த ஆண்டுகளிலே இந்தப் பெயரை ஒரு விரிவுரையிலும் நான் கேட்டதில்லை. ஆசிரியத் தொழிலுக்கு வந்த பிறகு, சக ஆசிரியர் ஒருவர் தந்த அட்டை கிழிந்த நூலின் வாயிலாகவே அவரை அறிந்தேன். அன்றிரவு விடியும் வரை படித்தேன். மறுநாள் எனக்கு வந்தது மகிழ்ச்சி அன்று, வெட்கமே.

சிங்காரம் 1920ஆம் ஆண்டு இன்றைய சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியிலே பிறந்தார். 1938இல், பதினெட்டு வயதில், சுமத்திராவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்காகக் கப்பலேறினார். அங்கிருந்தபோதுதான் போர் அவரைத் தேடி வந்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு மாதத்தில் யப்பானியர் மெடானுக்குள் புகுந்தனர். ஒல்லாந்தரின் ஆட்சி சரிந்ததையும், யப்பானியரின் ஆட்சி எழுந்து மடிந்ததையும், 1945 ஆகஸ்டு 17இல் இந்தோனேசியர் விடுதலையைப் பிரகடனம் செய்ததையும், அதன் பின் மீண்டும் துப்பாக்கி வெடித்ததையும் அந்த இளைஞர் கண்டார். அந்த நாட்டிலேயே அவருடைய மனைவியும் பிள்ளையும் பிரசவத்தின்போது மாண்டனர். 1946இல் தனியராய்த் தாயகம் திரும்பி, மதுரையிலே நாளிதழ் ஒன்றில் வேலைக்கமர்ந்தார். மறுமணம் செய்யாமல், விடுதி அறையொன்றிலேயே ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்து, 1997 டிசம்பர் 30இல் மறைந்தார். தம் சேமிப்பை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குக் கொடுத்துச் சென்றார்.

அந்தப் போர் நமக்கும் அந்நியமானதன்று. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதே 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலிலே 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதனுடன் மாண்டனர். கல்முனைக் கரையில் நின்று வடக்கே நோக்கும் நாம், சிங்காரம் எழுதிய அதே போரின் உடைந்த கப்பல் கிடக்கும் கடலைத்தான் நோக்கிக் கொண்டிருக்கின்றோம்.

அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். 1950இல் எழுதிய 'கடலுக்கு அப்பால்', 'கலைமகள்' பரிசு பெற்று, ஒன்பது ஆண்டுகள் கழித்து 1959இல்தான் நூலாயிற்று. 1962இல் எழுதி முடித்த 'புயலிலே ஒரு தோணி' அச்சேறப் பத்து ஆண்டுகள் காத்திருந்தது. அது வெளிவந்தது 1972இல். அதன் பின்னும் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் உயிரோடிருந்தார். மூன்றாவது நாவல் வரவில்லை.

பத்து ஆண்டுகள் ஒரு கையெழுத்துப் பிரதி ஏன் காத்துக் கிடந்தது? இந்தக் கேள்விக்குப் பிரசுரத் தொழிலின் வறுமை என்று விடை கூறித் தப்பித்துக் கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளிலே எத்தனை அரண்மனைக் கதைகள், எத்தனை குடும்பக் கண்ணீர்கள் தடித்த தடித்த தொகுதிகளாக அச்சேறின! காகிதத்துக்குப் பஞ்சமிருக்கவில்லை. தமிழன் கடல் கடந்து வென்றான் என்னும் கதைக்கு இடமிருந்தது. தமிழன் கடல் கடந்து வட்டிக்கு விட்டான், வட்டிக்கடையிலே கூலிக்கு நின்றான், பிறன் ஒருவனின் போரிலே சிக்கிச் செத்தான் என்னும் கதைக்கே இடமில்லாது போயிற்று.

நூல் வெளிவந்த பின் என்ன நேர்ந்தது? பழமை பேணிய பண்டிதர்கள் பாராமல் இருந்ததிலே வியப்பில்லை. நண்பர்களே, முற்போக்கு முகாம் என்று நம்மை அழைத்துக் கொள்ளும் நாம் என்ன செய்தோம்? உலகப் போரைப் பற்றி ரஷ்ய நாட்டார் எழுதிய நாவல்களை மொழிபெயர்ப்பிலே தேடித் தேடிப் படித்தோம். அது சரியான செயலே. ஆனால் அதே போரைத் தன் கண்ணால் கண்டு நம் மொழியிலே எழுதிய ஒருவர் மதுரைத் தெருவொன்றில் நடமாடிக் கொண்டிருந்ததை அறியாதிருந்தோம். அறிந்தவர்களிற் பலரும், "நல்ல நாவல்தான், ஆனால் தெளிவான கருத்து நிலை இல்லையே" என்று சொல்லி அதனை மூடி வைத்தனர். இந்தக் குற்றச்சாட்டை நேருக்கு நேர் நின்று ஆராய்வோம்.

'புயலிலே ஒரு தோணி' யப்பானியர் மெடானுக்குள் நுழையும் நாளோடு தொடங்குகின்றது. தெருவிலே கூட்டம் கூடி நின்று வெற்றியாளரை வேடிக்கை பார்க்கின்றது. நேற்றைய எசமானர் ஓடியாயிற்று, இன்றைய எசமானர் இன்னும் நாற்காலியில் அமரவில்லை. அந்த இடைவெளியிலே சூறையாடல் நடக்கின்றது. சூறையாடுபவர் படைவீரர் மட்டுமல்லர், ஊராரும்தான். 1990ஐ வாழ்ந்து கடந்த எந்தக் கிழக்கிலங்கை மனிதனுக்கும் இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. ஒரு படை போய் மற்றொரு படை வருமுன், பூட்டிய வீடுகளின் கதவு நிலைகளைக் கழற்றிச் சென்றவர்கள் யாவர் என்பதை நமது கிராமங்கள் அறியும்.

கதைத் தலைவன் பாண்டியன் வீரன்தான். நேதாஜி சுபாஷ் சந்திரபோசின் இந்திய தேசிய இராணுவத்திலே சேர்கின்றான். துணிவும் அறிவும் உடையவன். ஆயினும் சிங்காரம் அவனுக்கு மாலை சூட்டவில்லை. அவன் சேர்ந்த படைக்குள்ளே இருந்த பூசலையும் போட்டியையும் மறைக்கவில்லை. பழம்பெருமை பேசிப் பொழுதைக் கழிக்கும் தமிழரின் வாய்ச் சவடாலை ஈவிரக்கமின்றி எள்ளி நகையாடுகின்றார். யப்பானியனின் கொடுமையை எந்தக் கண்ணால் கண்டாரோ அந்தக் கண்ணாலேயே தன் இனத்தானின் பேராசையையும் கண்டார். போர் முடிகின்றது. பாண்டியன் இந்தோனேசியரின் விடுதலைப் போரிலே இறங்குகின்றான். ஊர் திரும்ப எண்ணியிருந்தவன் ஊரைக் காணாமலேயே சாகின்றான். அவனுக்கு நடுகல் இல்லை. கொடி தாழ்த்தப்படவில்லை.

இதிலே கருத்து நிலை இல்லையாம்! வட்டிக்கடையிலே பெட்டியடிப் பையனாக நுழையும் ஏழைச் சிறுவன் அடுத்தாளாகி, மேலாளாகி, தன்னைக் கசக்கிய அதே தொழிலைப் பிறர் மீது நடத்தக் கற்றுக் கொள்ளும் விதத்தை இவர் எழுதியதுபோல் தமிழில் வேறு யார் எழுதினார்? 'கடலுக்கு அப்பால்' நாவலிலே செல்லையா என்னும் இளைஞன் போர்முனைக்குப் போய் வந்தவன். வந்தவனுக்கு முதலாளி தன் மகள் மரகதத்தைக் கொடுக்க மறுக்கின்றார். காரணம் என்ன? துப்பாக்கி பிடித்த கை இனி வட்டிக் கணக்குக்கு உதவாது என்பதே. பணம் மனிதனை எந்தத் தராசிலே நிறுத்துப் பார்க்கின்றது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறென்ன வேண்டும்? வர்க்கம் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் குறிக்கும் பொருளைக் கதையாகவே காட்டிவிட்டார். சொல்லைத் தேடிய நாம் பொருளைத் தவறவிட்டோம்.

சிங்காரத்திடம் குறையே இல்லையென்று நான் வாதிட வரவில்லை. அவர் உலகிலே பெண்கள் பெரும்பாலும் ஓரத்திலே நிற்கின்றனர். மலாயாத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை அவர் உள்ளிருந்து எழுதியவரல்லர். யப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதையிலே மடிந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரின் அவலம் அவருடைய நாவலின் மையமன்று. இவற்றைச் சொல்லத்தான் வேண்டும். சொல்வதற்கு முதலில் படிக்க வேண்டும்.

அவர் மறைந்த பிறகு நிலைமை மாறியது உண்மையே. மறுபதிப்புகள் வந்தன. தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்று என்று இன்று பலர் எழுதுகின்றனர். ஆனால் அந்தப் புகழுரைகளிற் பெரும்பாலானவை எதைப் புகழ்கின்றன? நடையை, உத்தியை, பல மொழிச் சொற்கள் விரவிய உரையாடலைப் புகழ்கின்றன. பாரி மகளிரின் பாட்டுக்கு நாம் செய்ததையே இங்கும் செய்கின்றோம். உயிரோடிருந்தவரைப் பாராமல் விட்டோம். இறந்தவரைச் சிகரத்திலே ஏற்றி, எட்டாத உயரத்திலே நிறுத்திவிட்டோம்.

இவ்விடத்தே கிரேக்க நாட்டை நோக்குவோம். திதோ சொத்திரியூ என்னும் பெண்மணி 1909இல் அன்றைய உஸ்மானியப் பேரரசின் அய்தின் நகரிலே பிறந்தவர். கிரேக்கக் கிறிஸ்தவரும் துருக்கி முஸ்லிம்களும் அண்டை அயலாக வாழ்ந்த நிலம் அது. 1919இல் கிரேக்கப் படை அந்த மண்ணில் இறங்கியது. 1922இல் தோற்று ஓடியது. கிரேக்க மக்கள் இலட்சக்கணக்கில் அகதிகளாயினர். அவர்களுள் சொத்திரியூவும் ஒருவர். மறு ஆண்டு லொசானில் செய்யப்பட்ட ஒப்பந்தப்படி, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும், இலட்சக்கணக்கான முஸ்லிம்கள் மறுபக்கமும் மாற்றிக் கொள்ளப்பட்டனர். பின்னாளிலே இடதுசாரிப் பத்திரிகையாளராக உழைத்த அந்தப் பெண்மணி, ஒரு கிரேக்க விவசாயியின் வாய்மொழியாக 'குருதி தோய்ந்த மண்' என்னும் நாவலை எழுதினார். தன் மக்கள் பட்ட துன்பத்தை எழுதியவர், தன் நாட்டுப் படை துருக்கிக் கிராமங்களிலே இழைத்த கொடுமையையும் எழுதினார். இரு சமூகத்து எளியோரையும் மோதவிட்டு இலாபம் கண்ட வல்லரசுகளையும் சுட்டினார்.

அந்த நாவல் வெளிவந்த ஆண்டு 1962. அதே 1962இல்தான் மதுரையிலே சிங்காரம் தம் நாவலை எழுதி முடித்தார். கிரேக்க நாவலைக் கிரேக்க மக்கள் பதிப்புக்கு மேல் பதிப்பாக வாங்கிப் படித்தனர். அதுமட்டுமன்று. 1970இல் அது துருக்கி மொழியிலே, பகைவர் என்று சொல்லப்பட்டவரின் மொழியிலே, வெளிவந்தது. அந்த மொழிபெயர்ப்புக்கு அவர்கள் இட்ட தலைப்பு, 'அனத்தோலியாவுக்கு என் சலாம் சொல்' என்பதாகும். நமது நாவலோ அப்போதும் மதுரையிலே அச்சுக்குக் காத்திருந்தது.

கிரேக்கர் நம்மைவிட நல்லவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தன் பக்கத்தின் குற்றத்தையும் எழுதும் எழுத்தைத் தாங்கிக் கொள்ள ஒரு வாசகக் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தை ஆக்குபவர்கள் ஆசிரியர்கள். நாம் அதனை ஆக்கவில்லை.

நமது கரையின் கணக்கை இப்போது எடுப்போம். 1985 ஏப்ரலிலே காரைதீவில் வீடுகள் எரிந்தன. 1990 ஜூனிலே கல்முனையில் தமிழர்கள் கொன்று குவிக்கப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அடுத்த நாட்களில் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் வெட்டப்பட்டனர். அதே ஆகஸ்டிலே வீரமுனையில் கோயிலிலே தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். கொன்றவர்களிடையே முஸ்லிம் ஊர்காவற் படையினரும் இருந்தனர். இந்த வாக்கியங்களை ஒரே பந்தியிலே எழுத இந்தக் கரையில் எத்தனை பேர் துணிகின்றோம்? முஸ்லிம் மேடையிலே காத்தான்குடி பேசப்படும். தமிழ் மேடையிலே வீரமுனை பேசப்படும். மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் இடையே இருப்பது ஒரு வீதிதான். ஆனால் நமது நூலக அலுமாரிகளிலே ஒருவரின் துயரத்துக்கும் மற்றவரின் துயரத்துக்கும் இடையே ஒரு கடலே கிடக்கின்றது.

பிறரைச் சாடிய பேனா தன்னையும் சாட வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு கொப்பியைக் கொண்டு வந்து தந்தான். அதிலே ஒரு சிறுகதை. 1990 ஜூனிலே, அயல் ஒழுங்கையில் வாழ்ந்த தமிழ்த் தையற்காரப் பெண் ஊரை விட்டு ஓடும்போது, தன் தையல் மெசினை அவனுடைய மூத்தம்மாவிடம் கொடுத்து, வந்து எடுத்துக் கொள்கிறேன் என்று சொல்லிப் போகின்றாள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவள் வந்து வாசலில் நிற்கின்றாள். கலவரத்திலே களவு போய்விட்டது என்று மூத்தம்மா சொல்கின்றாள். மெசின் உள்ளறையிலே போர்வை மூடிக் கிடக்கின்றது. அந்த மெசினிலேதான் அவனுடைய உம்மா தையல் பழகினாள். அந்தத் தையற் கூலியிலேதான் அவன் படித்தான்.

நான் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். பின்னர் முடிவையும் திருத்தச் சொன்னேன். "மெசினைத் திருப்பிக் கொடுப்பதாக முடித்தால் இன ஒற்றுமைக்கு நல்லது, நமது ஊருக்கும் மரியாதை" என்றேன். அவன் தரையைப் பார்த்தபடி, "மூத்தம்மா குடுக்கல்லையே சேர்" என்றான். நான் விடவில்லை. அவன் மாற்றி எழுதினான். போட்டியொன்றிலே அதற்குப் பரிசும் கிடைத்தது. அதன் பின் அவன் எதையும் எழுதிக் கொண்டு வரவில்லை.

சிங்காரத்தின் பிரதியை முடக்கிப் போட்டவர்கள் மீது எனக்கு வந்த கோபத்துக்கு இப்போது ஒரு முகம் கிடைத்திருக்கின்றது. அது என் முகம்.

"ஆறிய புண்ணைக் கிளறலாமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஆறியது யாருடைய புண்? போர்வை மூடிய மெசின் இருந்த வீட்டாரின் புண் ஆறியிருக்கலாம். வாசலிலே வெறுங்கையோடு திரும்பியவளின் புண் ஆறிவிட்டதென்று நாம் எப்படித் தீர்ப்பளிப்பது? "இதையெல்லாம் எழுதினால் எதிரிக்கு ஆயுதமாகும்" என்பர் வேறு சிலர். போர் 2009இல் முடிந்தது. ஆனால் 'எதிரி' என்னும் சொல் இன்னும் கைக்கெட்டும் தூரத்திலேதான் வைக்கப்பட்டிருக்கின்றது. தேர்தல்தோறும் அதனை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்துவோருக்கு உண்மைக் கதைகள் இடைஞ்சலானவை. திருத்தப்பட்ட முடிவுகளே அவர்களுக்கு வசதியானவை. எல்லோரும் நல்லவர்களாக இருந்த ஊரிலே கொலை நடந்தது எப்படி என்று கேட்கும் வேலை அப்போது எவருக்கும் இராது.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, பெரிய மாநாடு எதையும் நான் கேட்கவில்லை. பாரி மகளிரின் பாட்டைப் படிப்பிக்கும் நாளிலே 'புயலிலே ஒரு தோணி'யின் மெடான் அத்தியாயத்தையும் வகுப்பிலே உரத்துப் படியுங்கள். மருதமுனைப் பிள்ளை எழுதியதைப் பாண்டிருப்புப் பிள்ளையும், பாண்டிருப்புப் பிள்ளை எழுதியதை மருதமுனைப் பிள்ளையும் படிக்க வழி செய்யுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், முடிவைத் திருத்தாதீர்கள். மாணவர்களே, உங்கள் ஆசிரியர் முடிவை மாற்றச் சொன்னால் மறுத்து நில்லுங்கள். என் மாணவன் அன்று மறுத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கதை தப்பியிருக்கும்.

அவன் இப்போது கட்டாரிலே வேலை செய்கின்றான். சென்ற மாதம் அவனுக்குச் செய்தி அனுப்பினேன். நான் தவறு செய்தேன் என்றும், முதலில் எழுதிய முடிவோடு அந்தக் கதையை மீண்டும் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டேன். "லீவுல வரக்குள்ள பாப்பம் சேர்" என்று ஒரு வரி பதில் வந்தது. முதற் கொப்பி அவனிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. மெசின் மட்டும் அந்த வீட்டிலே இன்னும் இருக்கின்றதாம்.